கழுத்துப் பிடிப்பும் ஒற்றைத் தலைவலியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். எனக்கும் கல்லூரிக் காலத்திலிருந்து ஒற்றைத் தலைவலி உண்டு. ஒவ்வொரு முறையும் வலது பக்கப் பிடரியில்தான் தொடங்கும். அதனால் முதல் மூன்று வருடம் கழுத்துக்கு மட்டுமே வைத்தியம் நடந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், காலர் போடச் சொன்னார்கள், கழுத்தை இழுத்துவிட்டார்கள், மாத்திரை எழுதினார்கள். வெளிச்சம் கூசுகிறதா, வாந்தி வருகிறதா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. இன்று என்னிடம் வருகிறவர்களில் பலர் அதே பாதையில் நடந்து களைத்துப்போய், மடியில் எக்ஸ்ரே உறையோடு உட்காருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கழுத்து பிடிக்கிறது, அப்புறம்தான் தலை வலிக்கிறது. அப்படியானால் கழுத்துதானே காரணம்?

எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். முன்னால் வந்தது காரணம், பின்னால் வந்தது விளைவு என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒற்றைத் தலைவலியில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாகப் போகிறது.

ஒற்றைத் தலைவலி தலை வலிக்கும்போது தொடங்குவதில்லை. அதற்குப் பல மணி நேரம் முன்பே, சிலருக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ முன்பே, மூளைக்குள் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் காரணமில்லாமல் கொட்டாவி வரும். இனிப்பு தின்ன ஆசை வரும். அடிக்கடி சிறுநீர் போகும். எரிச்சலாக இருக்கும், ஒரு வேலையில் மனம் நிற்காது. அதே பட்டியலில்தான் கழுத்து இறுகுவதும் இருக்கிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் 97 பேர் கையடக்க மின்னணுக் குறிப்பேட்டில் தங்கள் அறிகுறிகளைத் தலைவலி வருமுன்பே பதிவு செய்தார்கள். களைப்பு 72 சதவீதம், கவனம் சிதறுவது 51 சதவீதம், கழுத்து இறுக்கம் 50 சதவீதம் என்று முதல் மூன்று இடங்களில் வந்தன. கொட்டாவிதான் தலைவலியைக் கொண்டுவந்தது என்று யாரும் சொல்ல மாட்டோம். கழுத்து வலியை மட்டும் அப்படிச் சொல்லிவிடுகிறோம். காரணம், அது வலிக்கிறது. தொட்டால் தெரிகிறது. முந்தின நாள் இரவு தலையணை சரியில்லை, பேருந்தில் ஜன்னல் காற்று பட்டது என்று ஒரு கதையும் கிடைத்துவிடுகிறது.

ஆக, உங்கள் கழுத்துப் பிடிப்பு பல நேரங்களில் தலைவலியைத் தொடங்கிவைப்பதில்லை. தொடங்கிவிட்ட தலைவலியின் முதல் தடம் அது. பல நேரங்களில் என்றுதான் சொல்கிறேன், எல்லா நேரமும் இல்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

இது எனக்கு மட்டும்தானா?

இல்லவே இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வந்த ஒரு கணக்கின்படி, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் சுமார் 77 சதவீதம் பேருக்குக் கழுத்து வலியும் இருக்கிறது. தலைவலியே இல்லாதவர்களில் அது 23 சதவீதம்தான். 2010இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, தலைவலி நேரத்தில் குமட்டலைவிடக் கழுத்து வலிதான் அதிகம் வருகிறது என்று காட்டியது. குமட்டல் ஒற்றைத் தலைவலியின் அடையாளமாகப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கழுத்து வலி இல்லை. உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் தலைவலி வகைப்பாட்டில் இன்றுவரை ஒற்றைத் தலைவலிக்கான நிபந்தனைகளில் கழுத்து வலி சேர்க்கப்படவில்லை. பிடரியைப் பிடித்துக்கொண்டு வரும் நோயாளி எலும்பு டாக்டரிடம் போய்ச் சேருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் இந்த நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. கர்நாடகத்தில் பெங்களூரு நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடு வீடாக நடந்த ஆய்வில், ஓராண்டில் ஒற்றைத் தலைவலி வந்தவர்கள் 25 சதவீதம். நான்கில் ஒருவர்.

தலைக்குள் இருக்கும் கோளாறுக்கும் கழுத்துத் தசைக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு நரம்பு வழிகள் ஓரிடத்தில் கூடுகின்றன. அதுதான் சம்பந்தம்.

நெற்றி, கண், முகம், மூளையை மூடியிருக்கும் உறை ஆகியவற்றின் வலியைக் கொண்டுபோவது டிரைஜெமினல் நரம்பு. பிடரி, பின்தலை, மேல்கழுத்து ஆகியவற்றின் வலியைக் கொண்டுபோவது கழுத்தின் முதல் மூன்று நரம்புகள். இவை இரண்டும் வேறு வேறு திசையிலிருந்து வந்தாலும், மூளைத்தண்டின் அடிப்பகுதியும் தண்டுவடத்தின் தொடக்கமும் சேருகிற இடத்தில் ஒரே நரம்பணுக் கூட்டத்தில் வந்து இறங்குகின்றன. இரண்டு ஊர்த் தபாலும் ஒரே தபால் நிலையத்துக்கு வந்தால் எப்படியோ அப்படி. எந்த உறை எங்கிருந்து வந்தது என்று மேலே இருக்கும் மூளைக்குத் துல்லியமாகத் தெரிவதில்லை. மாரடைப்பில் இடது கை வலிக்கிறதே, கையில் எந்தக் கோளாறும் இல்லாமலே, அதே ஏற்பாடுதான் இங்கேயும்.

இந்தப் பாதை இரண்டு பக்கமும் வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. லண்டனில் பார்ட்ச், கோட்ஸ்பி என்ற இருவர் 2002, 2003 ஆண்டுகளில் எலிகளிடம் செய்த சோதனைகளில், பின்தலைக்குப் போகும் நரம்பைத் தூண்டினால் மூளையுறையிலிருந்து வரும் செய்திக்கு அந்த நரம்பணுக்கள் கூடுதலாகத் துடித்தன. மூளையுறையைத் தூண்டினால் கழுத்துத் தசையிலிருந்து வரும் செய்திக்கும் அதே கதை. அதாவது ஒற்றைத் தலைவலி கழுத்தை வலிக்க வைக்கும். ஓயாமல் வலிக்கும் கழுத்தும் ஒற்றைத் தலைவலியைச் சுலபமாகக் கிளப்பிவிடும். ஏற்கெனவே அந்த நோய் உள்ளவருக்குத்தான் இது பொருந்தும். கழுத்து பிடித்த எல்லோருக்கும் ஒற்றைத் தலைவலி வருவதில்லை.

எந்தத் தசைகள்? கையால் தொட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். நிதானமாக உட்கார்ந்து பாருங்கள்.

இரண்டு தோள்பட்டைக்கும் மேலே, கழுத்து தோளோடு சேரும் சரிவில் கட்டியாக அகப்படுவது ட்ரபீசியஸ். பின்தலையிலிருந்து முதுகின் நடுப்பகுதிவரை விசிறிபோல விரிந்த பெரிய தசை. அதன் மேல் ஓரத்தில் அழுத்தினால் சிலருக்குக் கழுத்தின் பக்கவாட்டில் ஏறி, நெற்றிப்பொட்டில் போய் வலிக்கும்.

தலையை ஒரு பக்கம் திருப்பினால், காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பின் மேல்முனைவரை கயிறுபோலப் புடைத்து நிற்கும் தசை ஸ்டெர்னோகிளீடோமாஸ்டாய்டு. பெயர் நீளம், ஆனால் விட்டுவிட முடியாத தசை. இது இறுகினால் கழுத்தில் வலியே தெரியாமல் கண்ணுக்கு மேலும் நெற்றியிலும் வலி தெரியும். இதை அழுத்திப் பார்க்காதீர்கள். இதற்கு அடியில்தான் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் இருக்கிறது. பயிற்சி பெற்றவர் தசையை விரலிடுக்கில் மெதுவாகப் பிடித்துத்தான் பார்ப்பார்.

மூன்றாவது, பிடரிக்குழியில் மண்டையோட்டின் விளிம்புக்குக் கீழே ஒளிந்திருக்கும் சின்னச் சின்னத் தசைகள். பக்கத்துக்கு நான்கு. தலையைத் தூக்கும் பலம் இவற்றுக்கு இல்லை. தலை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று நொடிக்கு நொடி மூளைக்குச் சொல்வதே இவற்றின் பெரிய வேலை. இவற்றில் ஒன்று மெல்லிய இணைப்புத் திசு வழியாகத் தண்டுவட உறையோடு ஒட்டியிருப்பதை 1995இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். தசை இழுத்தால் உறையும் இழுபடும், அதனால்தான் தலைவலி என்று ஒரு கருத்து அப்போதிலிருந்து சுற்றுகிறது. உடற்கூறு உண்மை, அந்த முடிவு மட்டும் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. பின்தலைக்குப் போகும் பெரிய நரம்பும் இந்த வட்டாரத்தில்தான் ஒரு தசையைச் சுற்றி வந்து, இன்னொரு தசையைத் துளைத்துக்கொண்டு மேலேறுகிறது.

எக்ஸ்ரேயில் கழுத்து எலும்பு தேய்மானம் என்று வந்திருக்கிறதே?

நாற்பது வயதைத் தாண்டிய பத்துப் பேருக்கு எக்ஸ்ரே எடுத்தால் பலருக்குத் தேய்மானம் தெரியும். கழுத்தில் ஒரு வலியும் இல்லாதவர்களுக்கும் தெரியும். தலை நரைப்பதுபோல அதுவும் வயதோடு வருவது. அது தெரிகிறது என்பதாலேயே உங்கள் தலைவலிக்கு அதுதான் காரணம் ஆகிவிடாது. அதிலும், வயதோடு வரும் தேய்மானம் பெரும்பாலும் கழுத்தின் கீழ்ப்பாதியில்தான் இருக்கும். தலைவலியோடு தொடர்புள்ள நரம்புகளோ மேலே உள்ள முதல் மூன்று. இதை யாராவது எனக்கு இருபது வயதில் சொல்லியிருந்தால் எவ்வளவு அலைச்சல் மிச்சமாகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

காலரை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டு திரியாதீர்கள். தசைகள் வேலையில்லாமல் மெலிந்துபோகும். கழற்றினால் வலி இன்னும் கூடும்.

எனக்கு இருப்பது ஒற்றைத் தலைவலியா, கழுத்திலிருந்தே வரும் தலைவலியா? எப்படிப் பிரிப்பது?

கழுத்திலிருந்தே கிளம்பும் தலைவலி என்று தனியாக ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. செர்விகோஜெனிக் தலைவலி என்பார்கள். நார்வே நாட்டு நரம்பியல் மருத்துவர் ஒட்டார் ஷோஸ்டாட் 1983இல் இந்தப் பெயரைக் கொண்டுவந்தார். ஒற்றைத் தலைவலியோடு ஒப்பிட்டால் இது அரிது.

ஒற்றைத் தலைவலி வந்தால் 4 மணி முதல் 72 மணி நேரம்வரை இருந்துவிட்டுப் போகும். பெரும்பாலும் ஒரு பக்கம், விண்விண் என்று தெறிக்கும், மாடிப்படி ஏறினாலே கூடும். கூடவே குமட்டல் அல்லது வாந்தி இருக்கும், இல்லாவிட்டால் வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து ஆகாமல் போகும். இருட்டறையில் போய்ப் படுத்தால் போதும் என்றிருக்கும். நடுவில் உள்ள நாட்களில் ஆள் நன்றாக இருப்பார். மாதவிடாய், தூக்கம் கெடுவது, நேரத்துக்குச் சாப்பிடாமை, வெயில் என்று கிளப்பிவிடும் காரணங்கள் தனியே இருக்கும். சில மாதம் இடப்பக்கம், சில மாதம் வலப்பக்கம் என்று பக்கம் மாறுவதும் ஒற்றைத் தலைவலிக்கே உரிய நல்ல அடையாளம்.

கழுத்துத் தலைவலி பக்கம் மாறாது. பிடரியில் தொடங்கி அதே பக்கம் கண்வரை வரும். கழுத்தை ஒரு குறிப்பிட்ட விதமாகத் திருப்பினாலோ, வெகுநேரம் ஒரே நிலையில் வைத்திருந்தாலோ வலி எழும். கழுத்து முழுதாகத் திரும்பாது. வாந்தி அவ்வளவாக இருக்காது. பலருக்கு விபத்திலோ விழுந்தோ கழுத்தில் அடிபட்ட கதை ஒன்று இருக்கும். நாங்கள் நோயாளியைப் படுக்கவைத்து, மோவாய் நெஞ்சைத் தொடுமளவு கழுத்தை மடக்கி, அப்படியே இரு பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பார்ப்போம். சாதாரணமாக ஒரு பக்கத்துக்குச் சுமார் 44 டிகிரி திரும்பும். 32 டிகிரிக்குள் நின்றுவிட்டால் மேல்கழுத்து மூட்டைச் சந்தேகிப்போம். உறுதி செய்ய அந்த மூட்டின் நரம்பை ஊசியால் மரத்துப்போகச் செய்து, தலைவலி நிற்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார்.

இவை தவிர, தலையைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியதுபோல இரு பக்கமும் மந்தமாக வலிக்கும் டென்ஷன் தலைவலியும் உண்டு. ஒரே ஆளுக்கு இரண்டு வகை சேர்ந்து இருப்பதும் சகஜம். அதனால் ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லிவிடும் யாரையும் கொஞ்சம் யோசித்தே நம்புங்கள்.

தசைக்குள் உண்மையிலேயே மாற்றம் தெரிகிறதா, இல்லை உணர்வு மட்டும்தானா?

தெரிகிறது. ஜெர்மனியில் ஒரு குழு எம்.ஆர்.ஐ. மூலம் ட்ரபீசியஸ் தசையை அளந்து பார்த்தது. 2023 நவம்பரில் சிகாகோவில் நடந்த கதிரியக்கவியல் மாநாட்டில் அதைப் பற்றிச் சொன்னார்கள். தலைவலி உள்ளவர்களின் தசையில் மெல்லிய அழற்சியைக் காட்டும் அளவு கூடியிருந்தது. தலைவலி நாட்களும் கழுத்து வலியும் கூடக் கூட அந்த அளவும் கூடியது. பார்த்தது மொத்தம் 50 பேரைத்தான். டென்ஷன் தலைவலி மட்டும் உள்ளவர்களும், அதோடு ஒற்றைத் தலைவலியும் வருபவர்களும், தலைவலி இல்லாதவர்களும் அதில் இருந்தார்கள். தசை முதலா, தலை முதலா என்பதை அந்தப் படம் சொல்லாது. ஆனால் "எல்லாம் உன் மனசு" என்று வீட்டில் சொல்லக் கேட்டவர்களுக்கு இந்தச் செய்தி ஆறுதல் என்று எனக்குத் தெரியும்.

செல்போன் பார்ப்பதால் வருகிறதா?

தலையின் எடை சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்தின்மேல் 27 கிலோ பாரம் விழுகிறது என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது 2014இல் ஓர் அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கணினியில் போட்ட கணக்கு. மனிதர்களிடம் அளந்தது இல்லை. குனிவதால் மட்டும் ஒற்றைத் தலைவலி பிறப்பதில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் அசையாமல் ஒரே நிலையில் இருப்பது கழுத்துத் தசைக்கு நல்லதில்லை. அது செல்போனானாலும் சரி, தையல் மெஷினானாலும் சரி, பூக்கட்டுவதானாலும் சரி. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். நிமிர்ந்தே உட்கார வேண்டும் என்று விறைப்பாக உட்காருவதைவிட, நிலையை மாற்றிக்கொண்டே இருப்பது மேல்.

சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுத்தால் லேசாக இருக்கிறதே, எடுக்கலாமா?

வேண்டாம். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கழுத்தெலும்பின் பக்கவாட்டுத் துளைகள் வழியே இரண்டு ரத்தக்குழாய்கள் மூளைக்கு ஏறுகின்றன. உச்சியில், முதல் எலும்பைச் சுற்றி அவை வளைந்து போகின்றன. கழுத்தைச் சடாரென்று திருப்பும்போது அந்த வளைவில்தான் இழுபடும். குழாயின் உள்சுவர் கிழிந்து, ரத்தம் கட்டி, பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். இளம் வயதினரும் அதில் உண்டு. அபூர்வம்தான், ஆனால் நடந்தால் திருப்ப முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ரத்தக்குழாய் தானாகவே கிழியத் தொடங்கியிருந்தாலும் முதலில் தெரிவது கழுத்து வலியும் தலைவலியும்தான். அதைச் சுளுக்கு என்று எண்ணிக்கொண்டு போய்க் கழுத்தைக் கொடுத்தால் நிலைமை என்ன ஆகும்?

சொடக்கு எடுத்ததும் லேசாக இருப்பது உண்மை. சில மணி நேரத்தில் பழையபடி ஆவதும் உண்மை. முறையாகப் படித்தவர்கள் செய்யும் சிகிச்சையில்கூட ஒற்றைத் தலைவலிக்குப் பெரிய பலன் தெரியவில்லை. நார்வேயில் 104 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட சோதனையில், உண்மையாகவே முதுகெலும்பு திருத்தப்பட்டவர்களுக்கும், அப்படிச் செய்வதுபோலப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் தலைவலி நாட்கள் ஒரே மாதிரிதான் குறைந்தன.

தைலம் தேய்ப்பது, நீவி விடுவது, ஒத்தடம்?

தாராளமாக. மெதுவாக நீவி விடுவதில் கெடுதல் இல்லை, இதம் உண்டு. என் அம்மா விளக்கெண்ணெயைச் சூடுகாட்டிப் பிடரியில் தடவிவிடுவார். அந்தக் கையின் சூட்டுக்கே பாதி வலி போகும். ஆனால் வலி உச்சத்தில் இருக்கும்போது சிலருக்குத் தொட்டாலே ஆகாது, தலை சீவக்கூட முடியாது. அப்போது அழுத்தித் தேய்த்தால் கூடத்தான் செய்யும். காட்டமான தைல வாசனையே சிலருக்குத் தலைவலியைக் கிளப்பும், உங்களுக்கு எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒத்தடத்தில், தலைவலி வந்துவிட்ட நேரத்துக்குக் குளிர்ச்சி பலருக்குப் பொருந்துகிறது. ஹவாயில் நடந்து 2013இல் வெளியான ஒரு சிறு சோதனையில், வலி தொடங்கியதும் கழுத்தைச் சுற்றிக் குளிர்ந்த பட்டை கட்டியவர்களுக்கு அரைமணியில் வலி குறைந்திருந்தது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் போதும். தலைவலி இல்லாத நாளில் இறுகிய தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது.

என்ன உடற்பயிற்சி செய்யலாம்?

நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது கழுத்துப் பயிற்சி இல்லை, நடை. ஸ்வீடனில் 91 பேரை மூன்று குழுவாகப் பிரித்து மூன்று மாதம் பார்த்தார்கள். ஒரு குழு வாரத்துக்கு மூன்று நாள் 40 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு உடற்பயிற்சி செய்தது. இன்னொரு குழு தளர்வுப் பயிற்சி செய்தது. மூன்றாவது குழு டோபிராமேட் என்ற தடுப்பு மாத்திரை சாப்பிட்டது. 2011இல் வந்த முடிவில் மூன்று குழுவுக்கும் தலைவலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது. பக்கவிளைவு மாத்திரைக் குழுவில் மட்டும்தான். காசில்லாத மருந்து என்று இதைத்தான் சொல்வேன். வெயிலுக்கு முன் நடங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம், தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். திடீரென்று ஓடத் தொடங்கினால் சிலருக்கு அதுவே தலைவலியைக் கிளப்பும். அதனால் பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள்.

அப்புறம் கழுத்துக்கு. மல்லாந்து படுத்து, தலைக்கடியில் மெல்லிய துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். "ஆமாம்" என்று சொல்வதுபோல மோவாயை லேசாக உள்ளே இழுங்கள். தலை தரையிலிருந்து எழக்கூடாது, பக்கவாட்டுக் கயிற்றுத் தசை புடைக்கக்கூடாது. பத்து நொடி வைத்து விடுங்கள். பத்து முறை. இது கழுத்தின் முன்புறம் ஆழத்தில் இருக்கும் தசைகளை உறுதியாக்கும். அவை தளர்ந்திருப்பதால்தான் வெளித்தசைகள் நாள் முழுக்கப் பாரம் சுமந்து இறுகுகின்றன. ஆஸ்திரேலியாவில் க்வென் ஜல் குழு கழுத்துத் தலைவலி உள்ள 200 பேரிடம் இந்த வகைப் பயிற்சியைப் பார்த்து 2002இல் வெளியிட்டது. பலன் ஓராண்டு கழித்தும் நின்றது. அது கழுத்துத் தலைவலிக்கு. ஒற்றைத் தலைவலியில் இந்தப் பயிற்சி தலைவலியைவிடக் கழுத்து வலிக்கே கூடுதலாக உதவுகிறது என்பது என் அனுபவம். அதுவும் சின்ன விஷயமில்லை.

தலைவலி நேரத்தில் எந்தப் பயிற்சியும் வேண்டாம். படுத்து ஓய்வெடுங்கள்.

தலையணை மாற்ற வேண்டுமா?

பக்கவாட்டில் படுக்கும்போது மூக்கும் நெஞ்செலும்பும் ஒரே கோட்டில் இருந்தால் தலையணை சரி. விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை. குப்புறப் படுப்பதைத்தான் விட வேண்டும்.

கழுத்து இறுகத் தொடங்கியதுமே மாத்திரை போட்டுவிடலாமா?

உங்கள் கழுத்து இறுகினால் தலைவலி நிச்சயம் வருகிறதா என்பதைப் பொறுத்தது. பத்துக்கு எட்டு முறை வருகிறது என்றால் அது நல்ல எச்சரிக்கை மணி. தண்ணீர் குடித்து, சாப்பிட்டு, கண் விழிப்பதைத் தவிர்த்து, மாத்திரையைக் கைவசம் வைத்துக்கொள்ளலாம். இந்த எச்சரிக்கை நேரத்திலேயே மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்த சோதனை ஒன்று 2023இல் வந்தது. உப்ரோஜெபன்ட் என்ற மருந்தை அப்போதே போட்டபோது 46 சதவீதம் முறைகளில் அடுத்த 24 மணி நேரத்தில் கடுமையான அல்லது நடுத்தர வலி வரவில்லை. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை போட்டபோது அது 29 சதவீதம். சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் போன்ற ட்ரிப்டான் வகை மாத்திரைகளைத் தலைவலி லேசாக இருக்கும்போதே போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். பலருக்குத் தலைவலியோடு கழுத்து வலியும் அதிலேயே அடங்கிவிடும். இதய நோயோ பக்கவாதமோ உள்ளவர்கள் இந்த வகையைத் தொடக்கூடாது, டாக்டர் சீட்டு இல்லாமலும் வேண்டாம்.

கழுத்து வலிக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைதான் என்னைப் பயமுறுத்துவது. தினமும் வலிக்கும் கழுத்துக்குத் தினமும் ஒன்று போட்டுக்கொண்டே போனால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். சாதாரண வலிநிவாரணி மாதத்தில் 15 நாளும், கலவை மாத்திரைகளும் ட்ரிப்டான்களும் 10 நாளும் எட்டி, மூன்று மாதத்துக்குமேல் அப்படியே போனால் அந்த ஆபத்து வந்துவிடும். அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்குக் கழுத்து இன்னும் கல்லாக இறுகியிருப்பதைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

கழுத்தில் ஊசி போடுகிறார்களாமே?

இரண்டு வகை. ஒன்று, பின்தலை நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் மருந்து செலுத்துவது, சில நேரம் ஸ்டீராய்டும் சேர்த்து. சில நிமிட வேலை. சிலருக்குச் சில வாரம்வரை நிம்மதி தரும். பின்தலையில் ஊசி போட்டால் கண்ணுக்குமேல் இருக்கும் வலி குறைவது, மேலே சொன்ன அந்தக் கூடுமிடத்தால்தான்.

இன்னொன்று, தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் என்ற மருந்து. மாதத்தில் 15 நாளுக்குமேல் தலைவலி உள்ள நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு 2010 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நெற்றி, பொட்டு, பின்தலை, கழுத்து, தோள் என்று 7 தசைப் பகுதிகளில் 31 இடத்தில் மொத்தம் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒருமுறை. தசையைத் தளர்த்துவதால் மட்டும் குறைகிறது என்று முதலில் எண்ணினார்கள். நரம்பு நுனிகளிலிருந்து வலியூட்டும் பொருட்கள் வெளிவருவதைத் தடுப்பதே முக்கியம் என்று இப்போது கருதப்படுகிறது. மாதத்தில் நான்கைந்து நாள் தலைவலிக்கு இது பயன்படாது. சிலருக்குக் கழுத்து தற்காலிகமாகப் பலவீனமாகும், முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எப்போது காத்திருக்கவே கூடாது?

இதுவரை வராத கடும் தலைவலி ஒரே நிமிடத்தில் இடிபோல வந்தால். காய்ச்சலோடு கழுத்து விறைத்து, குனிய முடியாமல் போனால். கழுத்து வலியோடு ஒரு பக்க இமை தொங்கினால், பேச்சுக் குழறினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், கை கால் சோர்ந்தால். அடிபட்ட பிறகோ கழுத்தைச் சொடுக்கிய பிறகோ புதுத் தலைவலி வந்தால். இவற்றுக்கெல்லாம் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். 50 வயதுக்குமேல் முதல் தடவையாகத் தலைவலி தொடங்கினாலும், கை மரத்து நடை தள்ளாடினாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

டாக்டரிடம் போகும்போது என்ன சொல்ல வேண்டும்?

"கழுத்து வலி" என்று தொடங்காதீர்கள். கழுத்து என்று சொன்ன உடனே கேள்விகள் எல்லாம் கழுத்தைச் சுற்றியே போகும். அதை நான் அனுபவித்திருக்கிறேன். ஒரு மாதம் காலண்டரில் குறித்து எடுத்துக்கொண்டு போங்கள். கழுத்து எத்தனை மணிக்கு இறுகியது, தலை எத்தனை மணிக்கு வலித்தது, எந்தப் பக்கம், வாந்தி உண்டா, விளக்கை அணைக்கத் தோன்றியதா, அன்று கொட்டாவி வந்ததா, என்ன மாத்திரை, எத்தனை. பெண்கள் மாதவிடாய் நாளையும் குறியுங்கள். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் வால்ப்ரோயேட், டோபிராமேட் போன்ற தடுப்பு மருந்துகள் கருவுக்கு ஆகாது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இதே தலைவலி இருந்ததா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். நான் கேட்டபோதுதான் தெரிந்தது, என் பாட்டி மாதம் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு, ஈரத்துணியைப் பிடரியில் போட்டுப் படுத்துக்கிடந்தது இதற்காகத்தான் என்று. வீட்டில் அதைப் பித்தம் என்று சொல்லிவந்தார்கள்.